மாலை கட்டிய பின்விளக்கு

“திருடினவன் எவனா வேணா இருக்கட்டும், தலைவி. மதியச் சோத்து நேரத்துல திருடினான் பாருங்க, அதுக்கு அவனுக்குத் தனியா ஒரு தண்டனை வாங்கிக் குடுக்கணும்” என்றேன்.

என் முதலாளி லியோகாதியா தொப்பியைக் கழற்றி, அதன் விளிம்பில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரை என் காலணி மேல் ஊற்றினார். அவருடைய அகராதியில் அதற்கு ‘வாயை மூடு’ என்று பொருள்.

நாங்கள் நின்றிருந்தது சான் பாப்லோ படகுத்துறையில். கோபகபானாவில் மாதாவைக் கும்பிட்டுவிட்டு லா பாஸ் திரும்புகிற எல்லாரும் ஏரியின் குறுகலான இந்த டிக்கினா நீரிணையைக் கடந்தாக வேண்டும். பாலம் கிடையாது. வண்டி மரத் தெப்பத்தில் வரும், ஜனங்கள் மோட்டார் படகில் வருவார்கள். அக்கரையில் பிரிந்து இக்கரையில் கூடிக்கொள்வோம். அன்றைக்கு இக்கரையில் எல்லாரும் கூடிவிட்டோம், ஒரு வெல்வெட் பையைத் தவிர.

அந்தப் பைக்குள் இருந்தவை: தொப்பியில் குத்துகிற தங்கப்பூ, முத்துத் தொங்கட்டான்கள், சால்வையில் செருகுகிற பெரிய தங்க ஊசி. திருவிழாவில் ஆடுகிற பெண்களுக்கு நகை வாடகைக்கு விடுகிற டோன்யா எடெல்மிராவின் சொத்து. இங்கே மரியாதையான பெண்கள் எல்லாருமே டோன்யா, ஆண்கள் டான். கோபகபானா ஆட்டம் முடிந்து, பையை ஒரு தகரப் பெட்டியில் வைத்து, பெட்டியை நாங்கள் வந்த மினிபஸ்ஸில் தன் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தார் அந்த அம்மாள். படகில் தண்ணீர் தெறிக்கும், வண்டிக்குள் இருந்தால் பத்திரம் என்று அவருக்கு நினைப்பு. இக்கரையில் வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே பழைய செய்தித்தாள்தான் இருந்தது.

எங்களில் தெப்பத்தில் வண்டியோடு வந்தது டிரைவர் செவெரோ ஒருவர் மட்டும். அதனால் யாரும் மூளையைக் கசக்கவில்லை. எல்லா விரலும் அவரைப் பார்த்தே நீண்டன.

“திருடன்! மாதா கோயில் வாசல்ல வண்டிக்கு மாலை போட்டுட்டு, அரை நாள் தாங்கலையே உன் பக்தி!” எடெல்மிராவின் குரல் ஏரியைத் தாண்டி அக்கரைக்கே போயிருக்கும்.

செவெரோ அன்று காலையில்தான் அந்த மினிபஸ்ஸுக்கு ஆசீர்வாதம் வாங்கியிருந்தார். பழைய வண்டிதான், அவர் கைக்குப் புதிது. இத்தனை வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டிவிட்டு, முதல் தடவையாகத் தன் பெயரில் ஒன்று. பாதிரியார் தீர்த்தம் தெளித்தார், சொந்தக்காரர்கள் நாலு பக்கமும் சைடர் என்கிற ஆப்பிள் மதுவை ஊற்றினார்கள், வண்ணக் காகிதத் துகளை அள்ளி வீசினார்கள். முன்னால் ஒரு மாலை. கூரை ஓரத்தில் ஒன்று. பின்னால் வலது விளக்கிலிருந்து இடது விளக்கு வரைக்கும் கிளாடியோலஸ் பூவில் ஒரு பெரிய வளைவு. கல்யாணப் பெண்ணைவிட அதிகமாக ஜோடித்துக்கொண்டு வந்த வண்டி அது.

இப்போது அந்த வண்டியின் முன்கண்ணாடியில் இருந்த லைன் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார் டான் ஆர்சேனியோ. டிரைவர் சங்கத்துச் செயலாளர். அவர் அந்த போர்டைக் கழற்றினால் செவெரோ எந்த லைனிலும் வண்டி ஓட்ட முடியாது.

“போலீசுக்கு ஆள் அனுப்பியாச்சு” என்றார் ஆர்சேனியோ. “அவங்க வர்றதுக்குள்ள நீயே சொல்லிடு, செவெரோ. சங்கத்து மானத்தையாவது காப்பாத்து.”

“எதைச் சொல்றது? நான் எடுக்கலை அண்ணே! தெப்பத்துலேர்ந்து இறக்கினேன், இங்கயே நிறுத்தினேன், நின்னேன். அவ்வளவுதான்.”

“பொய்” என்றது ஒரு குரல்.

எடெல்மிராவின் அண்ணன் மகன் ரெனான். மெல்லிய மீசை, புது ஜாக்கெட், கையில் பசன்கால்யா சோளப்பொரி மூட்டை. கோபகபானாவிலிருந்து பொரி மூட்டை இல்லாமல் திரும்புகிறவர்கள் கிடையாது. முதல் வளைவு தாண்டுவதற்குள் மூட்டையைப் பிரிக்காதவர்களும் கிடையாது. இவன் பிரிக்கவில்லை. வழியில் நானே வெட்கத்தை விட்டு ஒரு கைப்பிடி கேட்டேன். “அத்தைக்கு வாங்கினது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போதே எனக்கு அவனைப் பிடிக்காமல் போய்விட்டது. ஆனால் பிடிக்காதவன் எல்லாம் திருடன் என்றால் என் மாமனார் இந்நேரம் ஆயுள் தண்டனையில் இருக்க வேண்டும்.

“நான் முதல் படகுல வந்துட்டேன்” என்றான் ரெனான். “மேல டீக்கடை வாசல்ல மழைக்கு ஒதுங்கி நின்னேன். இவர் வண்டி தெப்பத்துலேர்ந்து இறங்குச்சு. இங்க நிக்கலை. வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டுக்கிட்டு அந்த யூக்கலிப்டஸ் சந்துக்குள்ள திரும்பிச்சு. பின்னாலேர்ந்து நல்லாப் பாத்தேன். உள்ள போய் பிரேக் போட்டார், சிவப்பு விளக்கு எரிஞ்சுது. கொஞ்ச நேரம் நின்னுட்டு, திரும்பி வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி இங்க நிறுத்தினார்.”

கூட்டம் ‘ஓ’ என்றது. மற்ற பயணிகள் எல்லாரும் அந்த நேரம் நடு ஏரியில் மழையில் நனைந்துகொண்டிருந்தோம். பார்த்த ஒரே ஆள் இவன்தான். சந்து கல் பாவின சந்து, மேலே மழை வேறு. சக்கரத் தடம் பார்க்க வழியில்லை.

“அபாண்டம்! நான் அந்தப் பக்கமே போகலை!” செவெரோ கத்தினார்.

லியோகாதியா மெதுவாக நடந்து எடெல்மிராவின் பக்கத்தில் போய் நின்றார். “டோன்யா, பெட்டியைக் கடைசியா எப்போ பாத்தீங்க?”

“அக்கரையில இறங்கறப்போ. படகுல ஏறப்போறேன், சால்வையை மறந்துட்டேன்னு ஞாபகம் வந்துது. இவனைத்தான் திருப்பி அனுப்பி எடுத்துட்டு வரச் சொன்னேன். அப்பவும் பெட்டி பத்திரமா இருக்கு அத்தைன்னு சொல்லிட்டு முதல் படகுல ஏறினான், எனக்கு அதுல இடமில்லை. நீங்க யாரு, கேள்வி கேக்கறதுக்கு?”

“லியோகாதியா. லா பாஸ்ல துப்பறியும் நிலையம் வச்சிருக்கேன். மருந்துக்கடைக்கு மேல மாடி.”

“இவன்?”

“சோசிமோ. என் உதவியாளன். முன்னாடி மினிபஸ்ல இடத்தோட பேரைக் கூவி ஆள் ஏத்திக்கிட்டு இருந்தான். நான் அவனை ஏத்திக்கிட்டேன். இறக்கி விட இன்னும் நல்ல நிறுத்தம் கிடைக்கலை.”

சந்துக்குள் தேடினார்கள். சாணமும் ஒரு செத்த கோழியும் கிடைத்தன. வண்டிக்குள் தேடினார்கள். இருக்கை உறையைக்கூட உரித்தார்கள். ஒன்றும் இல்லை. ரெனான் இன்னும் சந்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்து, அடுத்த வண்டியை ஏற்றிக்கொண்டு தெப்பக்காரர் பான்ஃபிலோ வந்து கரை தட்டினார். கையில் நீளமான துடுப்புக் கழி, வாயில் கோகா இலை.

“என்னப்பா கூட்டம்? செவெரோ, விளக்கைச் சரி பண்ணிட்டியா?” என்றார். “மாதா உன் வண்டிக்கு ஆசீர்வாதம் குடுத்தாங்களோ இல்லையோ, மாறுகண்ணைக் குடுத்துட்டாங்க.”

லியோகாதியாவின் காது அப்படியே நிமிர்ந்தது. “என்ன சொன்னீங்க?”

“ரிவர்ஸ்ல இறக்கினான் டோன்யா. நான் பின்னால நின்னு கை காட்டினேன். பிரேக் போடறானான்னு விளக்கைப் பாத்துத்தான் நாங்க பலகையை நகத்துவோம். இடது கண்ணு செவக்குது, வலது கண்ணு தூங்குது. காலை நசுக்கிக்கப் பாத்தேன்.”

“ஏறும்போதும் அப்படித்தானா?”

“ஏறும்போது நான் முன்னால நின்னேன். பின்னால எவன் பாத்தான்?”

லியோகாதியா செவெரோவைப் பார்த்தார். செவெரோவின் நெற்றியில் வியர்வை. டிக்கினாவின் குளிரில், அதுவும் மழைக்குப் பிறகு, நெற்றியில் வியர்ப்பது லேசான விஷயம் இல்லை.

“அது… அது ஒண்ணுமில்ல. பல்பு போயிருக்கும்” என்று இழுத்தார் அவர்.

என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார் லியோகாதியா. “தெப்பத்துல வண்டிக்குள்ள அவன் தனியா இருந்தான். நல்லா இருந்த விளக்கு தெப்பத்துல வந்ததும் கெட்டுப்போகுது. பின்விளக்குக்குப் பின்னால ஒரு குழி இருக்கும், தெரியுமா? ரெண்டு கை கொள்ளும். ஒரு பையைத் திணிச்சா கம்பி இழுபடும்.”

“அடேங்கப்பா! நகை விளக்குக்குள்ளயா?”

“சத்தம் போடாதே.”

ஆனால் நான் பத்து வருஷம் கூவிப் பழகினவன். நான் மெதுவாகச் சொன்னாலே மூன்று நிறுத்தத்துக்குக் கேட்கும். கூட்டம் முழுக்க வண்டியின் பின்பக்கம் ஓடியது.

“மாலையைத் தொடாதீங்க!” என்று குறுக்கே விழுந்தார் செவெரோ. இரண்டு கையையும் விரித்துப் பூவளைவை மறைத்தார். “டோன்யா, உங்க காலைப் பிடிக்கிறேன். கோயில்ல கட்டின மாலை வீடு போய்ச் சேரணும். நடுவழியில அவுத்தா வாங்கின ஆசீர்வாதம் அவுந்து போச்சுன்னு எங்க அம்மா சொல்லுவாங்க. இது என் முதல் வண்டி.”

“பாத்தீங்களா? கை வைக்க விட மாட்டேங்குறார்” என்றான் ரெனான்.

எனக்கே செவெரோ மேல் சந்தேகம் வந்துவிட்டது. பாவம், அந்த மனிதர் உண்மையிலேயே எதையோ மறைத்துக்கொண்டுதான் நின்றார்.

லியோகாதியா தன் பாவாடை மடிப்பிலிருந்து டெஸ்ட் லேம்ப்பை எடுத்தார். மின்சாரம் வருகிறதா என்று பார்க்க இரண்டு கம்பியும் ஒரு சின்ன பல்பும்தான். அவருடைய முதல் கணவர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். ‘போகும்போது ரெண்டு விஷயம் விட்டுட்டுப் போனான், இந்த விளக்கும் ஆம்பளைங்க மேல அவநம்பிக்கையும்’ என்பார்.

“ஃபியூஸ் நல்லாருக்கு, அது போயிருந்தா ரெண்டு பக்கமும் செத்திருக்கும்” என்று முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார். “பல்பு ஒண்ணு போகலாம். ஆனா உள்ள எதையாவது திணிச்சாலும் இதே கதைதான். சோசிமோ, முடிச்சை அவுரு.”

“டோன்யா, வேணாம்…” செவெரோ திரும்பி நின்றுகொண்டார். பார்க்க மாட்டேன் என்பது போல.

முடிச்சு அவிழுவதாக இல்லை. மழை படாத இடுக்கில், காலையில் ஊற்றின சைடர் காய்ந்து, காகிதத் துகளோடு சேர்ந்து பசை போட்ட மாதிரி இறுகியிருந்தது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் பான்ஃபிலோவிடம் கத்தி வாங்கி நாடாவை அறுத்தேன். பூவளைவின் ஒரு முனை தரையில் சரிந்தது. செவெரோவின் தோள் ஒரு முறை குலுங்கியது.

விளக்கின் மூடியைக் கழற்றினேன். மொத்தக் கூட்டமும் கழுத்தை நீட்டியது. எடெல்மிரா சால்வை முனையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார், தங்கம் கொட்டினால் பிடித்துக்கொள்ள.

கொட்டியது. அரை டம்ளர் புளித்த சைடர். கூடவே ஊறிப்போன இளஞ்சிவப்புக் காகிதத் துகள். என் சட்டைக் கைக்குள் போய் முழங்கை வழியாக வந்தது.

நான் உள்ளே கைவிட்டுத் துழாவினேன். “தலைவி, உள்ள நகை இல்லை. ஆனா தாகம் எடுத்தா சொல்லுங்க.”

கூட்டம் சிரித்து உருண்டது. எடெல்மிராவின் சால்வை கீழே இறங்கியது. லியோகாதியாவின் காது சிவந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“அப்போ சந்துலதான் கைமாறியிருக்கு” என்றான் ரெனான். “கூட்டாளி நின்னிருப்பான். வாங்கிக்கிட்டுப் போயிருப்பான்.”

“வேற வழி தெரியலை” என்றார் ஆர்சேனியோ. பெருமூச்சு விட்டுக்கொண்டு முன்பக்கம் போனார். லைன் போர்டின் முதல் திருகு கழன்று விழுந்த சத்தம் கேட்டது. செவெரோ தரையில் கிடந்த பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

லியோகாதியா மட்டும் விளக்குக் குழியை விட்டு நகரவில்லை. உள்ளே ஒரு பழுப்பு நிற ஒயர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் வளையம். அந்த வளையம் திருகி இறுக்கப்பட வேண்டிய இடத்தில், பாடியோடு சேர்த்து முறுக்கப்பட்ட ஸ்க்ரூவில், மாலையின் அறுந்த நாடா முனை இருந்தது.

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல ஏறியது. எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். வழக்கு முடிந்து, எங்கள் மாடிக்கு வாடகை கட்டுகிற சிரிப்பு.

“செவெரோ, இங்க வாங்க. இந்த ஸ்க்ரூவை யார் கழட்டினது?”

செவெரோ தலையைக் குனிந்தார்.

“நீங்கதானே?”

“நான்தான் டோன்யா.” வாய்க்குள்ளேயே சொன்னார். “மாலையை மாட்ட அந்தப் பக்கம் இடமே இல்லை. பாதிரியார் வரிசையில பக்கத்து வண்டி வரைக்கும் வந்துட்டார். கைக்கு அந்த ஸ்க்ரூ கிடைச்சுது. ஒயரை எடுத்துட்டு நாடாவைப் போட்டு முறுக்கிட்டேன். அப்புறம் பாத்தா விளக்கு கோணலா எரியுது. வீட்டுக்குப் போய் மாட்டிக்கலாம்னு… கெட்ட விளக்கோட ஆசீர்வாதம் வாங்கினேன்னு வெளிய சொல்ல வெக்கமா இருந்துது. பாவம்னும் தோணுச்சு.”

“இதுக்கா இவ்வளவு வேர்வை? என் கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு இவ்வளவு வேர்க்கலை” என்றேன்.

லியோகாதியா கையைத் தட்டினார். “டான் ஆர்சேனியோ! அடுத்த திருகைக் கழட்டாம இங்க வாங்க. எல்லாரும் வாங்க. ரெனான் தம்பி, நீயும் வா. நீதான் முக்கிய சாட்சி. இன்னொரு தடவை சொல்லு, எனக்கு வயசாச்சு, மறந்துபோகுது. வண்டி சந்துல திரும்பறப்போ நீ எங்க நின்னே?”

“பின்னால. டீக்கடை வாசல்ல.”

“என்ன எரிஞ்சுது?”

“வலது இண்டிகேட்டர்.”

“என்ன கலர்?”

ரெனான் சிரித்தான். “என்ன டோன்யா, மஞ்சள்தான். விட்டு விட்டு எரிஞ்சுது. மழை இருட்டுல பளிச்சுன்னு தெரிஞ்சுது.”

“அப்புறம் பிரேக் போட்டப்போ?”

“ரெண்டு பக்கமும் சிவப்பு.”

“உங்க அத்தை மேல சத்தியமா?”

“சத்தியமா!”

“செவெரோ, ஏறி உக்காருங்க. சாவியைப் போடுங்க. வலது இண்டிகேட்டர்.”

மேகம் இன்னும் கறுத்துக் கிடந்தது. விளக்கு நன்றாகத் தெரிகிற வெளிச்சம். நாங்கள் எல்லாரும் வண்டிக்குப் பின்னால் ஒரே வரிசையில், பூசைக்கு நிற்பது போல நின்றோம்.

உள்ளே ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டது. வலது பக்க மஞ்சள் செத்துக் கிடந்தது. அதற்குப் பதில் இடது பக்கமும் வலது பக்கமும் பின்னால் இருந்த சின்னச் சிவப்பு விளக்குகள் மங்கலாக, தூக்கக் கலக்கத்தில் இமைப்பது போல, துடித்து அடங்கின.

“ஐயோ, பேய் பிடிச்ச வண்டி” என்றாள் ஒரு கிழவி.

“பேய் இல்லை பாட்டி. இந்தப் பக்க விளக்கு எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே எர்த் ஒயர். வந்த கரண்ட் அது வழியாத்தான் வெளிய போகும். அந்தக் கதவை இவர் பூட்டிட்டார். வந்தது நிக்குமா? பக்கத்து வீட்டுக்குள்ள பூந்து, அடுத்த பக்க விளக்கு வழியாப் போகுது. அதனால எரிய வேண்டியது எரியலை, எரியக் கூடாதது முனகுது. பிரேக்!”

செவெரோ பிரேக்கை மிதித்தார். இடது பக்கம் ரத்தச் சிவப்பு. வலது பக்கம் இருட்டு. பான்ஃபிலோ கழியால் தரையைத் தட்டினார். “இதேதான்! இந்த மாறுகண்ணைத்தான் சொன்னேன்!”

கூட்டம் மெதுவாக ரெனான் பக்கம் திரும்பியது.

“தம்பி” என்றார் லியோகாதியா, ரொம்ப அன்பாக. “ஒரு விளக்கு எப்படி எரியணுமோ அப்படிச் சொன்னே. எப்படி எரிஞ்சுதுன்னு சொல்லலை. ஏன்னா நீ பாக்கலை. வண்டி அந்தச் சந்துக்குப் போகவே இல்லை.”

ரெனானின் மீசை ஒரு பக்கம் இழுத்தது. ஆனால் கெட்டிக்காரன், விடவில்லை. “அப்போ நல்லா எரிஞ்சிருக்கும். அப்புறமா இவரே கழட்டியிருப்பார். நம்மளைக் குழப்ப!”

“நல்ல கேள்வி. சோசிமோ, அந்த முடிச்சை எப்படி அவுத்தே?”

நான் என் பிய்ந்த நகத்தை ஊருக்கே தூக்கிக் காட்டினேன். “அவுக்கலை, அறுத்தேன். காலையில ஊத்தின சைடர் மேல காகிதம் ஒட்டி, காய்ஞ்சு, கல்லா கிடந்துது. ஆசீர்வாதத்துக்கு அப்புறம் எவன் கையும் அதுல படலை. இந்த நகம் சாட்சி.”

“ஒயர் கழண்டது கோயில் வாசல்ல, தீர்த்தம் தெளிக்கறதுக்கு முன்னால” என்றார் லியோகாதியா. “அதுக்கு அப்புறம் இந்த உலகத்துல யாரும் இந்த வண்டிக்குப் பின்னால வலது மஞ்சளைப் பாத்திருக்க முடியாது. நகை அக்கரையிலயே போயிடுச்சுன்னு தெரிஞ்சா எல்லாரோட மூட்டையையும் பிரிப்பாங்க. இக்கரையில சந்துல போச்சுன்னு ஒரு கதை கட்டினா, எல்லாரும் சந்தைத் தேடுவாங்க. சால்வை எடுக்கத் திரும்பிப் போன ஆளைத் தேட மாட்டாங்க.”

எடெல்மிரா தன் அண்ணன் மகன் முகத்தை உற்றுப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக.

“என்கிட்ட என்ன இருக்கு? பாத்துக்குங்க!” ரெனான் ஜாக்கெட்டைத் திறந்து காட்டினான். பாக்கெட்டுகளை வெளியே இழுத்தான். ஒரு கையால். இன்னொரு கை பொரி மூட்டையை விடவில்லை.

லியோகாதியா என்னைப் பார்த்தார். “சோசிமோ, பசிக்குதுன்னு சொன்னியே?”

அந்த நொடி என் வாழ்க்கையின் பொன்னான நொடிகளில் ஒன்று. நான் அவன் எதிரே போய் இரண்டு கையையும் ஏந்தினேன். “தம்பி, ஒரு கைப்பிடி. அத்தை கோவிச்சுக்க மாட்டாங்க.”

அவன் ஓடப் பார்த்தான். பான்ஃபிலோவின் கழி குறுக்கே வந்தது. மூட்டை கீழே விழுந்தது. பொரி மூட்டை விழுந்தால் சத்தமே வராது. இது ‘தொம்’ என்றது. வாய் பிய்ந்து, வெள்ளைப் பொரி படகுத்துறை முழுக்கப் பறந்தது. நடுவில் கருநீல வெல்வெட் பை கிடந்தது.

“அக்கரையில படகுக்கு நின்னப்போ எல்லாரும் பொரி மூட்டையைக் காலடியில போட்டிருந்தாங்க” என்றார் லியோகாதியா, யாரும் கேட்காமலேயே. “இவன் மட்டும் கைக்குழந்தை மாதிரி அணைச்சுக்கிட்டு ஏறினான். அப்போ நான் பொரி மேல ஆசைன்னு நினைச்சேன். என் தப்பு.”

போலீஸ்காரர்கள் வந்தபோது அவர்களுக்கு வேலை மிச்சமில்லை. ரெனானைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எடெல்மிரா அவன் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். “நான் வளத்த பையன்” என்றார், யாரிடமும் இல்லாமல்.

ஆர்சேனியோ கழற்றின திருகை மறுபடி முறுக்கி, போர்டை நேராக வைத்து, அது நேராக இருக்கிறதா என்று தேவைக்கு மேல் நேரம் பார்த்தார். செவெரோவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

லியோகாதியா எர்த் ஒயரைப் பழைய இடத்தில் வைத்து ஸ்க்ரூவை இறுக்கினார். நான் குழியைத் துடைத்து மூடியைப் போட்டேன். வலது மஞ்சள் பளிச்சென்று இமைத்தது. கூட்டம் கை தட்டியது. செவெரோ மட்டும் சிரிக்கவில்லை. அறுந்த மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, மாட்ட இடமில்லாமல் நின்றார். ஸ்க்ரூ விளக்குக்குப் போய்விட்டது. நாடா இரண்டு துண்டு.

“பரவாயில்ல டோன்யா” என்றார் லியோகாதியாவிடம். “வண்டி மிஞ்சுச்சு. அது போதும்.” போதவில்லை என்பது அவர் கையில் தெரிந்தது.

அப்போது எடெல்மிரா வந்தார். வெல்வெட் பையைப் பிரித்து, உள்ளேயிருந்து அந்தப் பெரிய தங்க ஊசியை எடுத்தார். மாலையைச் செவெரோவின் கையிலிருந்து வாங்கினார். விளக்குக்கு மேலே பின்கதவின் ரப்பர் ஓரத்தில் பூவை வைத்து, ஊசியை நன்றாக அழுத்திச் செருகினார்.

“டோன்யா, அது தங்கம்” என்று பதறினார் செவெரோ.

“எனக்குத் தெரியாதா? நீ திருடன்னு நான் ஊருக்கே கேக்கற மாதிரி கத்தினேன். இதையும் ஊரே பாக்கட்டும். வீட்டு வாசல்ல உன் கையால எடுத்துக் குடு.” சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். “மாலை நடுவழியில அவுரலை. கொஞ்சம் தளந்துச்சு, திரும்பக் கட்டினோம். உங்க அம்மாகிட்ட அப்படிச் சொல்லு.”

செவெரோ அழுதுவிட்டார். நான் குனிந்து தரையில் கிடந்த பொரியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி நனையாமல் இருந்தது. வீணாக்க மனசு வரவில்லை.

வண்டி லா பாஸ் நோக்கி மேட்டில் ஏறியது. செவெரோ வளைவே இல்லாத இடத்தில்கூட வலது இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். தெரு முனையில் நின்றவர்கள் எல்லாரும் பின்னால் மின்னின தங்கத்தைக் கை காட்டிக் காட்டி வாயைப் பிளந்தார்கள்.

எடெல்மிரா முன் இருக்கையில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஊசி பத்திரமாக இருக்கிறதா என்று லா பாஸ் வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.